போத்தலும் பொது வீதியும்

அமெரிக்க நகர வாழ்வைக் காட்டும் திரைப்படங்களைப் பார்த்தோருக்கு ஒரு காட்சி பழக்கமானது. தெருவோரப் படிக்கட்டிலே ஒரு மனிதன் குந்தியிருப்பான். அவன் கையிலே கபில நிறக் கடதாசிப் பையொன்று இருக்கும். பையின் வாயிலிருந்து போத்தலின் கழுத்து மாத்திரம் எட்டிப் பார்க்கும். உள்ளே இருப்பது மது என்பது அவனுக்குத் தெரியும். அதை விற்ற கடைக்காரனுக்குத் தெரியும். வீதியிற் போவோருக்குத் தெரியும். சந்தியிலே காவல் நிற்கும் பொலிஸ்காரனுக்கும் தெரியும். அப்படியிருக்கப் போத்தலுக்கு ஏன் இந்தச் சட்டை?

திறந்த மதுப் போத்தலைப் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம் என ஐக்கிய அமெரிக்காவின் மிகப் பல நகரங்களிற் சட்டம் உண்டு. கடதாசிப் பை அச்சட்டத்திலிருந்து எவரையும் காப்பதில்லை. அது ஒரு மௌன உடன்படிக்கை மாத்திரமே: 'நான் மறைத்து வைக்கிறேன், நீ காணாதது போலப் போய்விடு.' பொலிஸ்காரன் விரும்பினால் உடன்பாடு நிலைக்கும். விரும்பாவிட்டால் அழைப்பாணை வரும். எவன் முன்னால் அவன் விரும்புவான், எவன் முன்னால் விரும்பமாட்டான் என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

குடிக்கு வக்காலத்து வாங்குவது எமது நோக்கமன்று. நாட்கூலியை மாலைக்குள் விழுங்கிவிடும் தவறணையையும், அதன் பின் அடுப்பு எரியாத வீட்டையும் கண்ட ஆசிரியர் எவரும் அதைச் செய்ய முடியாது. புத்தகம் வாங்கப் பணமின்றி வகுப்பிலே தலைகுனிந்து நிற்கும் பிள்ளையின் முகம் அதற்கு இடந்தராது. ஆனாற் குடியை வெறுப்பது வேறு. குடிப்பவனைத் தண்டிக்கும் ஒவ்வொரு சட்டத்தையும் நன்மையென வரவேற்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் நல்லெண்ணக்காரர் பலர். அந்த நல்லெண்ணம் வரலாற்றிலே யாருக்குப் பயன்பட்டது என்பதை நாம் காணவேண்டும்.

திறந்த போத்தற் சட்டத்தின் வேர் மதுவில் இல்லை; கூலியில் இருக்கிறது. 1348இல் இங்கிலாந்திற் பரவிய கொள்ளை நோய் மக்களிற் பெரும்பகுதியினரை வாரிக்கொண்டு போயிற்று. உழைக்கும் கைகள் அருகின. எஞ்சியோர் கூடிய கூலி கேட்டனர். தரும் இடம் நாடி ஊர்விட்டு ஊர் சென்றனர். நிலவுடைமையாளர் கலங்கினர். 1349இல் அரசன் பிறப்பித்த தொழிலாளர் கட்டளையும் 1351இல் வந்த சட்டமும் பழைய கூலிக்கே வேலை செய்யவேண்டுமென உழைப்பாளரைக் கட்டாயப்படுத்தின. உடல் வலிவிருந்தும் வேலை செய்யாது திரிபவனுக்குப் பிச்சையிடுவதையும் தடுத்தன. 'அலைந்து திரிபவன்' என்ற குற்றவாளியைச் சட்டம் படைத்துக்கொண்ட வரலாறு இதுவே. அவன் எதைத் திருடினான், எவரை அடித்தான் என்ற கேள்வி அங்கே எழவில்லை. அவன் எஜமானனின்றி வீதியில் நிற்கிறான், அதுவே குற்றமாயிற்று.

1606இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் குடிவெறியைக் குற்றமாக்கியது. தண்டனை ஐந்து சிலிங். அதைச் செலுத்த இயலாதவனின் கால்களைத் தொழுமரத்திலே மாட்டி ஆறு மணிநேரம் ஊரறிய இருத்திவைப்பார்கள். ஒரே குற்றம், ஒரே சட்டம். காசுள்ளவன் காசை எறிந்துவிட்டு வீடு போவான். காசற்றவன் தன் மானத்தைச் செலுத்துவான். தண்டமும் மறியலும் பக்கத்துப் பக்கத்தில் எழுதப்படும் இடமெங்கும் இந்த இரட்டை விலையை நாம் காணலாம்.

இச்சட்டங்கள் குடியேறியவரோடு கப்பலேறி அமெரிக்கா சென்றன. அங்கே அவை எய்திய கொடிய வடிவத்தை உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு பார்க்கிறோம். 1865இல் அடிமை முறை ஒழிந்தது. பருத்தித் தோட்டங்களின் உடைமையாளருக்கு உழைப்பாளரைக் கட்டிவைக்கும் சங்கிலி அறுந்தது. அதே ஆண்டில் மிசிசிப்பி மாநிலம் அலைந்து திரிவோருக்கெதிரான சட்டமொன்றை இயற்றியது. பிச்சைக்காரர், சூதாடிகள், இரவில் நடமாடுவோர் ஆகியோருடன் 'வழக்கமான குடிகாரர்' என்போரும் அதன் பட்டியலில் இடம்பெற்றனர். விடுதலை பெற்ற கறுப்பு மனிதன் 1866 ஜனவரியின் இரண்டாவது திங்கட்கிழமை வேலையின்றிக் காணப்பட்டால் அவனும் அலைந்து திரிபவனே. அவனுக்கு 50 டொலர் வரை தண்டம். ஐந்து நாட்களுக்குள் அதைச் செலுத்தாவிடின், தண்டப் பணத்தைக் கட்ட முன்வரும் எவனிடமும் அவனைக் கூலியாளாக ஒப்படைக்கும் அதிகாரம் ஷெரிப்புக்கு இருந்தது. கட்ட முன்வருபவன் பெரும்பாலும் யாராக இருப்பான்? தோட்டக்காரனே. அடிமைத்தனத்தை ஒழித்த பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் 'குற்றத்துக்குத் தண்டனையாகவன்றி' என ஒரு விதிவிலக்கை விட்டுவைத்திருந்தது. அந்தச் சிறு வாசலூடாகப் பழைய அடிமைத்தனம் தண்டனை என்ற புதுப் பெயருடன் திரும்பி வந்தது.

இனி மதுவிலக்குக் காலத்துக்கு வருவோம். 1920 ஜனவரி 17இல் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு 1933 டிசம்பர் 5இல் நீக்கப்பட்டது. மதுவை உற்பத்தி செய்தல், விற்றல், கொண்டுசெல்லல் என்பனவே தடைசெய்யப்பட்டன, குடித்தல் தடைசெய்யப்படவில்லை. தடை வருமுன் வாங்கிய மதுவைத் தன் இல்லத்திலே வைத்துத் தானும் தன் விருந்தினரும் அருந்துவதை 1919ஆம் ஆண்டின் வோல்ஸ்ரெட் சட்டம் அனுமதித்தது. ஆண்டுக்கணக்குக்குப் போதுமான மதுவை முன்கூட்டியே வாங்கி நிலவறையில் அடுக்கக்கூடியவன் யார்? வாரக் கூலியில் ஒரு குவளை பியர் வாங்கிக் குடித்த தொழிலாளியல்லன். தேசம் முழுவதையும் ஒழுக்கத்தில் நிறுத்த வந்த சட்டமும் சுவருள்ள வீட்டின் வாசலோடு நின்றுகொண்டது. சுவருக்குள்ளே குடித்தால் அது பழக்கம், வெளியே குடித்தால் அது குற்றம் என்ற எண்ணம் இவ்வாறு வலுப்பெற்றது.

மதுவிலக்கு நீங்கிய பின்னரும் பழைய குடிவெறிச் சட்டங்கள் நின்று நிலைத்தன. 1965இல் ஐக்கிய அமெரிக்காவிலே பொது இடத்தில் வெறியுடன் இருந்தமைக்காகச் செய்யப்பட்ட கைதுகள் ஏறக்குறைய இருபது இலட்சம். நாட்டில் நடந்த மூன்று கைதுகளில் ஒன்று இக்குற்றத்துக்கானது. 1967இல் ஜனாதிபதி ஆணைக்குழு வெளியிட்ட கணக்கு இது. கொலையையும் கொள்ளையையும் தேடவேண்டிய பொலிஸ் படை, அதே மனிதரைத் திரும்பத் திரும்ப வீதியிலிருந்து கூட்டில் அடைப்பதும் மறுநாள் திறந்துவிடுவதுமாகக் காலங்கழித்தது.

அந்த மனிதரில் ஒருவரின் பெயர் சட்ட வரலாற்றிலே நிலைத்துவிட்டது. ரெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரிலே சப்பாத்துத் துடைத்துப் பிழைத்தவர் லீரோய் பவல். வாரத்துக்கு ஏறக்குறைய 12 டொலர் உழைப்பார். அதை வைனுக்குச் செலவிடுவார். பொது இடத்திலே வெறியுடன் காணப்பட்டதற்காக ஏறக்குறைய நூறு தடவை கைது செய்யப்பட்டவர். 1966 டிசம்பரில் மீண்டும் பிடிபட்டபோது 20 டொலர் தண்டம் விதித்தார்கள். மேன்முறையீட்டிலே அது 50 டொலராக உயர்ந்தது. நான்கு வாரத்துக்கு மேற்பட்ட உழைப்பு! குடி ஒரு நோய்; நோயைத் தண்டிக்கலாமா என்ற கேள்வியுடன் வழக்கு சமஷ்டி உயர் நீதிமன்றம் வரை சென்றது.

அக்கேள்விக்கு ஓர் ஆதாரம் இருந்தது. போதைப் பொருளுக்கு அடிமையாய் இருக்கும் நிலையை மாத்திரங்கொண்டு ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என 1962இல் ரொபின்சன் வழக்கிலே அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆயினும் 1968இல் பவல் தோற்றார். ஐவர் எதிர், நால்வர் சார்பு. தண்டிக்கப்படுவது அவரது நிலையன்று, வெறியுடன் பொது இடத்துக்கு வந்த செயலே என நீதியரசர் தேர்குட் மார்ஷலும் அவருடன் உடன்பட்ட மூவரும் கூறினர். ஐந்தாமவரான நீதியரசர் பைரன் வைட் முடிவுக்கு இணங்கினாலும் வேறொரு காரணத்தை எழுதினார். பவலுக்கு வீடு இருந்தது. வீடே இல்லாத குடிநோயாளி என்ன செய்வான்? அவனாற் குடியையும் தவிர்க்க முடியாது, பொது இடத்தையும் தவிர்க்க முடியாது என்று காட்டப்படுமானால், அவனைத் தண்டிப்பது பொருந்தாது என்பது அவர் கருத்து. கூரையற்றவனுக்கு வீதியே வீடு என்ற எளிய உண்மை உயர் நீதிமன்றத்தின் ஏட்டிலே இவ்வாறு ஒரு மூலையில் எழுதப்பட்டது.

தீர்ப்பு தோற்றாலும் கருத்து தோற்கவில்லை. 1970இல், தாமே குடியிலிருந்து மீண்டவரான அயோவா செனற்றர் ஹரோல்ட் ஹியூஸின் முயற்சியாற் குடிநோய்ச் சிகிச்சைக்கான சமஷ்டிச் சட்டம் வந்தது. 1971இல் மாநிலங்களுக்கென வரையப்பட்ட மாதிரிச் சட்டமொன்று, குடித்ததை மாத்திரங்கொண்டு எவர்மீதும் குற்ற வழக்குத் தொடரலாகாது, சிகிச்சையே அளிக்கவேண்டும் என்றது. பல மாநிலங்கள் அதைத் தழுவின. 1972இல் புளோறிடாவின் ஜாக்சன்வில் நகரத்து அலைந்து திரிவோர் சட்டத்தை உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தள்ளிவிட்டது. அந்த வழக்கிலே பிடிபட்டோருள் இரு வெள்ளைப் பெண்களும் இரு கறுப்பு ஆண்களும் ஒரே காரிற் சென்றவர்கள். நிறக்கலப்பு கைதுக்குக் காரணமன்று எனப் பொலிஸார் மறுத்தனர். எவரையும் எப்பொழுதும் பிடிக்க இடந்தரும் தெளிவற்ற சட்டம் சட்டமேயன்று என நீதியரசர் வில்லியம் டக்ளஸ் எழுதிய தீர்ப்பு நிலைநாட்டியது. 1349இல் தொடங்கிய கதை ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் முடிந்துவிட்டதென நினைத்தோர் பலர்.

ஆனாற் சமுதாயத்தின் அடித்தளம் மாறாதிருக்கச் சட்டத்தின் ஓர் ஏடு கிழிந்தால் இன்னொன்று எழுதப்படும். 'வெறியுடன் இருப்பவன்' என்றும் 'அலைந்து திரிபவன்' என்றும் மனிதனைச் சுட்டுவது தடைப்பட்டபோது, நகரசபைகளின் கண் அவன் கையிலிருந்த பொருளின்மீது விழுந்தது. இதற்கு முன்மாதிரியும் இருந்தது. சிக்காகோ நகரம் 1953இலேயே பொது வழியில் மது அருந்துவதைத் தடைசெய்திருந்தது. மலிவு விடுதிகள் நிறைந்த வறிய தெருக்களிற் காசு சேர்த்து ஒரு போத்தலைப் பகிர்ந்து குடித்த கூட்டத்தினரே அதன் இலக்கு. எழுபதுகளின் பின் இத்தகைய சட்டங்கள் நகருக்கு நகர் பரவின. போத்தல் தெளிவானது, திறந்ததா மூடியதா என்பதைக் கண்ணாற் காணலாம், நிலையைத் தண்டிக்கிறோம் என்ற பழியும் இல்லை. சட்டம் மனிதனை விட்டுப் போத்தலைப் பிடித்தது. போத்தலைப் பிடித்தபோது அதைப் பற்றியிருந்த கையும் கூடவே அகப்பட்டது.

நியூயோர்க் நகரின் சட்டம் இதற்குத் தக்க சான்று. மாநகர முதல்வராக எட் கொச் இருந்த 1979இல் அது நிறைவேறியது. நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் மதுசாரம் கொண்ட எந்தப் பானத்தையும் வீதியிலோ நடைபாதையிலோ பூங்காவிலோ கடற்கரையிலோ அருந்துவதும், அருந்தும் நோக்குடன் திறந்த கலத்தில் வைத்திருப்பதும் குற்றம். 25 டொலர் தண்டம் அல்லது ஐந்து நாள் மறியல். உத்தரவு பெற்ற தெரு விழாக்களுக்கு விலக்கு உண்டு. மதிய உணவுடன் ஒரு பியர் குடிக்கும் தொழிலாளிமீது பொலிஸார் பாயவேண்டுமென எதிர்பார்க்கவில்லை எனச் சட்டத்தை ஆதரித்த நகரசபை உறுப்பினர் ஒருவர் அன்றே விளக்கினார். நல்லெண்ணத்துடன் சொன்ன சொல்லே அது. ஆனால் அதன் பொருள் யாது? சட்டம் எல்லாருக்கும் எழுதப்படுகிறது, சிலர்மீதே பிரயோகிக்கப்படும். அந்தச் 'சிலர்' யாரென்பதைத் தெருவில் நிற்கும் பொலிஸ்காரன் தீர்மானிப்பான். 1972இல் முன்வாசலால் வெளியேற்றப்பட்ட தெளிவின்மை 1979இற் பின்வாசலால் உள்ளே வந்தது.

1982இல் ஜேம்ஸ் வில்சன், ஜோர்ஜ் கெலிங் என்ற இருவர் எழுதிய கட்டுரை, உடைந்த சாளரம் ஒன்றைத் திருத்தாது விட்டால் மற்றையவும் உடையும். சிறு ஒழுங்கீனத்தை விட்டால் பெருங்குற்றம் வளரும் என்று வாதித்தது. 1994இல் நியூயோர்க்கின் முதல்வரான ஜூலியானியும் பொலிஸ் ஆணையாளர் பிறற்றனும் அதனை நகரத்தின் கொள்கையாக்கினர். திறந்த போத்தலுக்கான அழைப்பாணைகள் குவிந்தன. சாளரம் உடைந்த வீட்டின் சொந்தக்காரன் யார், வாடகை வாங்கிக்கொண்டு ஏன் திருத்தாது விட்டான் என்று அக்கொள்கை கேட்கவில்லை. சாளரத்தின் கீழ் நின்றவனின் பெயரையே எழுதிக்கொண்டது.

அவன் யாரென்பதை 2012இல் ஒரு நீதிபதி எண்ணிப் பார்த்தார். புறூக்ளினில் நோவாக் டியர் என்ற நீதிபதி முன் திறந்த போத்தல் வழக்கொன்று வந்தது. பொலிஸ்காரர் மணந்து பார்த்து அது பியரென முடிவுசெய்திருந்தார். அது போதாதென வழக்கைத் தள்ளிய நீதிபதி, அப்பகுதியில் ஒரு மாத காலத்தில் வழங்கப்பட்ட இத்தகைய அழைப்பாணைகளைத் தம் அலுவலரைக் கொண்டு ஆராய்வித்தார். நூற்றுக்கு 85 கறுப்பு மக்களுக்கும் லத்தீன் அமெரிக்க வழியினருக்கும் வழங்கப்பட்டிருந்தன; வெள்ளையருக்கு 4. அங்கு வாழ்ந்தோரில் வெள்ளையரோ நூற்றுக்கு 36. பூங்காவின் புல்வெளியிலே கம்பளம் விரித்து வைன் அருந்தும் குடும்பத்துக்கும், தொடர்மாடிக் குடியிருப்பின் வாசலிலே பியர்த் தகரத்துடன் நிற்கும் இளைஞனுக்கும் எழுதப்பட்ட சட்டம் ஒன்றே. கணக்கு மாத்திரம் ஒன்றல்ல.

25 டொலர்தானே என்று கூறுவோர் உளர். அழைப்பாணையின் தேதியிற் கூலி வேலையை விட்டு நீதிமன்றம் செல்ல இயலாதவன் மீது பிடியாணை பிறக்கும். ஆண்டுகள் கழிந்து வேறேதோ காரணத்துக்காகப் பொலிஸார் அவன் பெயரை விசாரிக்கையில் அந்தப் பழைய பியர் அவனைக் கூட்டுக்குள் தள்ளும். 2016 அளவிலே நியூயோர்க்கில் இவ்வாறு சிறுகுற்ற அழைப்பாணைகளால் விளைந்து தீராதிருந்த பிடியாணைகள் ஏறக்குறைய பதினைந்து இலட்சம். அவ்வாண்டு நகரசபை சட்டத்தைத் திருத்தியது. 2017 ஜூன் முதல் இக்குற்றத்துக்குப் பெரும்பாலும் குடியியல் தண்டமே போதுமென்றாயிற்று. அதே ஆண்டு ஓகஸ்டில் நகரின் நான்கு பகுதிகளின் வழக்குத் தொடுநர்கள் பத்தாண்டுக்கு மேற்பட்ட ஏறக்குறைய 6,44,000 பிடியாணைகளை ஒரே நாளில் நீக்குவித்தனர். சட்டம் தளர்ந்ததனால் நகரம் இடிந்து விழவில்லை. இத்திருத்தம் தானாகக் கனிந்ததுமன்று; கணக்கை எடுத்து வைத்து வாதாடியோரும் வீதியிலிறங்கிக் கேட்டோரும் பெற்றுத் தந்தது.

எதிர்வாதத்தையும் நேர்மையுடன் எடுத்துக்கொள்வோம். இரவிலே வீதியால் வரும் பெண்ணுக்கு அச்சமின்றி நடக்க உரிமையில்லையா? வறிய தெருவில் வாழ்வோருக்கு அமைதி வேண்டாவா? வேண்டும், வசதியுள்ளோரைவிட அவர்களுக்கே அது கூடுதலாக வேண்டும். ஆனால் அச்சுறுத்தலும் அடிதடியும் கலகமும் போத்தலில்லாமலே குற்றங்கள். அவற்றுக்குச் சட்டம் உண்டு. வாகனத்தின் கதையும் வேறு. 1998இல் அமெரிக்கச் சமஷ்டி அரசு, காரினுள் திறந்த மதுக் கலத்தைத் தடைசெய்யாத மாநிலங்களின் வீதி நிருமாணப் பணத்தில் ஒரு பகுதியை வீதிப் பாதுகாப்புக்கு மாற்றும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வெறியுடன் ஓட்டப்படும் கார் வழியிற் செல்வோரைக் கொல்கிறது. ஓட்டுபவன் செல்வனாயினும் வறியவனாயினும் ஆபத்து ஒன்றே. இத்தகைய சட்டத்தை நாம் மனமார ஆதரிக்கிறோம். ஆபத்தைத் தடுக்கும் சட்டத்தையும் ஆளை அகற்றும் சட்டத்தையும் பிரித்தறிவதே எமது வேண்டுகோள்.

பொது ஒழுக்கமே நோக்கமாயின் அது எவ்விடத்தும் ஒன்றாயிருக்கவேண்டும். நியூ ஓர்லியன்ஸ் நகரிலே பிளாஸ்ரிக் குவளையில் மதுவை ஏந்தியபடி வீதியில் நடக்கலாம். கண்ணாடியும் தகரமும் ஆகா. உல்லாசப் பயணிகளின் பணத்தில் வாழும் நகரம் அது. வருமானம் கொண்டுவரும் கையிற் குவளை களியாட்டமாகிறது. வெறுங்கையாக வந்தவனின் போத்தல் ஒழுங்கீனமாகிறது.

அந்நிய நாட்டுக் கதை நமக்கெதற்கு என வாசகர் கருதவேண்டியதில்லை. அதே ஆங்கில மரபு 1841இல் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமாக இலங்கைக்கும் வந்தது. சோம்பித் திரிவோர், ஒழுங்கீனர், போக்கிரிகள் என மனிதரை வகைப்படுத்தும் அதே பட்டியல் அதிலும் உண்டு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையோ பொது இடத்திலே குடிவெறியுடன் தோன்றுவதை மாத்திரம் தண்டிக்கவில்லை. பிறருக்குத் தொல்லை விளையுமாறு நடப்பதையும் சேர்த்தே கேட்கிறது. ஒன்று ஆளைப் பார்க்கிறது. மற்றது செயலைப் பார்க்கிறது. ஒரே ஆட்சியாளர் விட்டுச்சென்ற இவ்விரு நோக்கையும் மாணவர் ஒப்புநோக்கிப் படிப்பது நன்று.

கதை இன்னும் முடியவில்லை. ஒரிகன் மாநிலத்தின் கிறான்ற்ஸ் பாஸ் என்ற சிறு நகரம், பொது இடத்திலே போர்வையுடன் படுத்துறங்குவோருக்கு 295 டொலர் தண்டம் விதித்தது. வீடற்றோர் வழக்குத் தொடுத்தனர். நீதியரசர் வைட் 1968இல் எழுதிவைத்த கருத்தே அவர்களின் வாதத்துக்கு ஊன்றுகோலாயிற்று. 2024 ஜூன் 28இல் உயர் நீதிமன்றம் அறுவர் எதிர் மூவராக நகரத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. வீடற்றவனாயினும், விடுமுறையிலே முதுகுப்பையுடன் வந்தவனாயினும், எதிர்ப்புத் தெரிவிக்கக் கூடாரமிட்ட மாணவனாயினும் சட்டம் ஒன்றே என்பது பெரும்பான்மையோரின் விளக்கம். விடுமுறைக்காரனுக்கும் மாணவனுக்கும் திரும்பிச் செல்ல ஓரிடம் உண்டு என்பதை அந்தச் சமத்துவம் கணக்கில் எடுக்கவில்லை.

குடியை ஒழிக்க விரும்புவோர் செய்யவேண்டிய வேலை நிறைய உண்டு. சிகிச்சை நிலையம் வேண்டும்; தங்க வீடு வேண்டும்; மாலையிற் கூடிப் பேச வாசிகசாலையும் விளையாட்டிடமும் வேண்டும்; களைப்பை மதுவில் ஆழ்த்தத் தேவையற்ற வேலைநேரமும் கூலியும் வேண்டும். 1971ஆம் ஆண்டின் மாதிரிச் சட்டம் காட்டிய பாதை இதுவே. அதற்குப் பணம் ஒதுக்குவதைவிட அழைப்பாணை எழுதுவது மலிவானது என்பதாலேயே பல இடங்களில் அது கைவிடப்பட்டது. இனி எந்த நகரசபையாயினும் வீதியைத் தூய்மை செய்யப் புதுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவரும்போது நாம் மூன்று கேள்விகளைக் கேட்போம்: எந்தத் தீங்கை இது தடுக்கிறது? இதன் தண்டத்தை உண்மையிற் கட்டப்போகிறவர் யார்? வீதியிலிருந்து விரட்டப்படுபவர் எங்கே போவார்? மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லாத சட்டத்துக்கு நல்லோர் கையுயர்த்தலாகாது.